பதின்மூன்று இருமுடி, பன்னிரண்டு சாமி

என் பெயர் ஹக்கீம், வயது 43, தகப்பனார் பெயர் காதர் மைதீன். கம்பத்தில் வாவேர் பள்ளிவாசல் பின்புறம் வாடகை வீட்டில் மனைவி மக்களுடன் குடியிருந்து வருகிறேன். சொந்தமாக ஒரு வேன் வைத்து நானே ஓட்டிப் பிழைக்கிறேன். கார்த்திகை பிறந்தால் தை வரைக்கும் சபரிமலை சவாரிதான். நான் முஸ்லிம் என்பதற்காக எந்தச் சாமியும் இதுவரை என் வண்டியில் ஏற மறுத்ததில்லை. புகாரில் நான் சாமிமார்களை மதிக்காதவன் என்று எழுதியிருப்பதாக இன்ஸ்பெக்டர் ஐயா வாசித்துக் காட்டியதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2003 டிசம்பர் மாதம் உத்தமபாளையம் பக்கத்துத் தோட்டக் கிராமத்திலிருந்து பதின்மூன்று சாமிகள் என் வண்டியைப் பேசினார்கள். அவர்களுக்குக் குருசாமி மலைச்சாமி. பதினெட்டு வருடம் மலைக்குப் போனவர். காணாமல் போனதாகச் சொல்லப்படும் அம்மாவாசி திராட்சைத் தோட்டத்தில் பந்தல் கட்டும் வேலை பார்ப்பவர். அவருக்கு அது முதல் மாலை, அதாவது கன்னிச்சாமி. அதற்கு முன் அவர் குமுளி மலையடிவாரத்து லோயர் கேம்ப்பைத் தாண்டியதில்லை என்று அவரே என்னிடம் சொன்னார்.

தரிசனம் நல்லபடியாக முடிந்தது. அதன் பிறகு கொச்சியைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவதாக ஏற்பாடு. இந்த மாதிரி சவாரியில் சாமிமார்கள் மலை ஏறும்போது காட்டும் ஒழுங்கு இறங்கிய பிறகு இருக்காது. பத்து நிமிஷம் என்று இறங்குவார்கள், ஒரு மணி நேரம் ஆகும். சோட்டானிக்கரை பகவதி கோயிலில் கும்பிட்டோம். அதன் பிறகு திருப்பூணித்துறை அரண்மனை. அங்கே ராஜாவின் கிரீடத்தின் முன்னால் நின்ற அம்மாவாசி நகரவே இல்லை. அதன் பிறகு மட்டாஞ்சேரி அரண்மனையில் சுவர் ஓவியங்களைப் பார்க்கப் போய் எல்லாரும் வெளியே வந்த பிறகும் அவர் வரவில்லை. கர்ணன் என்கிற சாமி உள்ளே போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தார். அப்போது குருசாமி எல்லார் முன்னிலையிலும், "இன்னொரு தடவை இப்படி நின்னா விட்டுட்டுப் போயிருவோம் சாமி" என்று சொன்னார். நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து இதைக் காதால் கேட்டேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவாசி சிரிக்கவில்லை.

அதன் பிறகு மதியத்துக்கு மேல் ஃபோர்ட் கொச்சி கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே சீன வலை என்று ஒன்று உண்டு. பெரிய மரச்சட்டத்தில் வலையைக் கட்டி, பின்னால் கயிற்றில் கல்லைத் தொங்கவிட்டு, நாலைந்து பேர் இழுத்தால் வலை மேலே வரும். வேடிக்கை பார்க்க வருகிறவர்களையும் கூப்பிட்டு இழுக்கச் சொல்வார்கள். மீன் இருக்கும் இடத்துக்கு இருமுடியைக் கொண்டு போகக் கூடாது என்று குருசாமி சொல்லிவிட்டதால் எல்லாருடைய இருமுடிக் கட்டையும் வண்டியிலேயே வைத்துவிட்டு இறங்கினார்கள். அந்த இடத்தில்தான் பிசகு நடந்தது.

அதை விளக்கிச் சொல்ல வேண்டும். இந்தக் குருசாமி ஆளை எண்ண மாட்டார். மாலை போட்டவர்களை ஒன்று இரண்டு என்று ஆடுமாடு போல எண்ணினால் கண்பட்டுவிடும் என்பது அவர் வைத்திருந்த வழக்கம். இருமுடிக் கட்டுகளைத்தான் எண்ணுவார். கட்டை விட்டு எந்தச் சாமியும் பிரியமாட்டார் என்பதால் அதுவரை அவர் கணக்கு தப்பியதில்லை. நான் பள்ளிவாசலில் சாயங்கால அஸர் தொழுதுவிட்டு வந்தபோது சாமிமார்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். "எல்லாரும் ஏறியாச்சா சாமி" என்று கேட்டேன். குருசாமி உள்ளே பார்த்துவிட்டு, "கட்டு சரியா இருக்கு. எடுங்க பாய்" என்றார். நான் எடுத்தேன். அவசரப்படுத்தி எடுத்ததாகப் புகாரில் இருப்பது உண்மையல்ல.

அதன் பிறகு முண்டக்கயத்தில் டீக்கு நிறுத்தினோம். கடைக்காரர் கொடுத்த டீயில் ஒரு டம்ளர் எடுப்பாரில்லாமல் நின்றது. கர்ணன்தான் முதலில் அம்மாவாசியைத் தேடினார். பின் சீட்டில் தூங்குகிறார் என்று முன்னால் இருந்தவர்களும், முன்னால் இருக்கிறார் என்று பின்னால் இருந்தவர்களும் நினைத்திருக்கிறார்கள். சீட்டில் அவருடைய கட்டு மட்டும் இருந்தது. யாரும் டீ குடிக்கவில்லை. உடனே வண்டியைத் திருப்பினேன்.

அன்று ராத்திரியும் விடிந்த பிறகும் கடற்கரை முழுவதும் தேடினோம். "சாமி, சாமி" என்று கூப்பிட்டால் அங்கே வந்திருந்த வேறு கோஷ்டிச் சாமிமார்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அங்குள்ள போலீசில் சொல்லப் போனோம். பெயர், தகப்பனார் பெயர் கேட்டார்கள். ஒரு மண்டலம் கூட இருந்து சாப்பிட்டவர்களில் தகப்பனார் பெயர் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. மறுநாள் மதியம் வரை பார்த்துவிட்டு ஊர் திரும்பினோம்.

அதன் பிறகு குருசாமி, அம்மாவாசி வந்து சேரும் வரை யாரும் மாலையைக் கழற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார். பன்னிரண்டு பேரும் தாடியும் கறுப்பு வேட்டியுமாகக் கோயில் கொட்டகையிலேயே படுத்தார்கள். வீட்டுக்குள் யாரும் போகவில்லை. ஆனால் அம்மாவாசியின் மனைவி இருளம்மாள் அழுதுகொண்டு வந்து கேட்டபோது அதே குருசாமி, பாய் வண்டியை அவசரமாக எடுத்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறார். அந்தம்மா அதை நம்பிப் புகார் கொடுத்தார். என் வண்டி ஸ்டேஷனில் நிறுத்தப்பட்டது. சீசன் நேரத்தில் வண்டி நின்றால் என் வீட்டில் அடுப்பு எரியாது. எனக்குக் குருசாமி மேல் ஆத்திரம் இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. அந்தம்மா மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

என் மச்சான் உமர் பாருக் எர்ணாகுளம் மார்க்கெட்டுக்குத் திராட்சை லோடு அனுப்புகிறவர். அவருடைய லாரிக்காரர்களிடம் சொல்லி வைத்தேன். சில நாளில் ஒருவர் வந்து, ஃபோர்ட் கொச்சிக்கு எதிர்க்கரையான வைப்பினில் கறுப்பு வேட்டியும் மாலையுமாக ஒரு தமிழ் ஆள் வலைக்காரர்களுக்குக் கயிறு முடிந்து கொடுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். நான் நிலையத்தில் தகவல் சொல்லி அனுமதி பெற்று, மச்சானுடைய ஜீப்பில் குருசாமியையும் இருளம்மாளையும் ஏற்றிக்கொண்டு போனேன்.

அம்மாவாசி அங்கே இருந்தார். இளைத்திருந்தார். அன்று வலையின் கல்லையும் கயிற்றையும் பார்த்து நின்றதில் நேரம் போய்விட்டதாகவும், திரும்பிப் பார்த்தபோது கறுப்பு வேட்டிச் சாமிகள் படகில் ஏறுவதைக் கண்டு நம் ஆட்கள் என்று ஓடி ஏறியதாகவும், நடுத் தண்ணீரில்தான் ஒரு முகமும் தெரிந்த முகமில்லை என்று கண்டதாகவும் சொன்னார். வேறு படகு பிடித்து ஃபோர்ட் கொச்சிக் கரைக்குத் திரும்பியபோது வண்டி இல்லை. இருந்த காசு படகுக்கே தீர்ந்து நின்றவரை ஒரு வலைக்காரர் வைப்பினுக்குக் கூட்டி வந்து சோறு போட்டிருக்கிறார். ஊருக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"என்னைய வேணும்னேதான் விட்டுட்டுப் போனாக பாய். சொல்லிட்டுத்தான போனாக. அந்த ஊருல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இருப்பேன்" என்றார்.

இருளம்மாள் தள்ளி நின்று, "வாங்க சாமி, பிள்ளை தேடுது சாமி" என்று மட்டும் சொன்னார். மாலை போட்டிருக்கும் புருஷனை அதற்கு மேல் ஒரு சொல் சொல்லக் கூடாதாம். அவர் அசையவில்லை. குருசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்த மீன் செதிலும் சகதியும் கிடந்த தரையில் அம்மாவாசியின் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "தப்பு எம்மேலதான் சாமி. பாய் மேல இல்ல. கட்டை எண்ணுனேன், ஒன்னைய எண்ணல" என்றார். வலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் கேமராவைத் திருப்பி இதைப் படம் எடுத்தார்கள். நான் வேண்டாமென்று கையைக் காட்டினேன். அம்மாவாசி அவரைத் தூக்கி நிறுத்திக் கட்டிக்கொண்டு அழுதார்.

ஜீப்பில் ஏறப் போகும்போது இருளம்மாள் குருசாமியை வழிமறித்தார். "மாலைய இங்கனயே கழட்டி விடுங்க சாமி. வீட்டுக்கு எம் புருசனா வரட்டும்" என்றார். ஊர்க் கோயிலில்தான் கழற்ற வேண்டும் என்று குருசாமி சொல்லிப் பார்த்தார். அந்தம்மா விடவில்லை. கடலைப் பார்த்து நிறுத்தி, சரணம் சொல்லி, குருசாமி மாலையைக் கழற்றினார்.

கழற்றிய மறு நிமிடம் இருளம்மாள் ஆரம்பித்தார். அறிவிருக்கா, ஊர் உலகத்துல வேடிக்கை பாக்காதவனா நீ, எட்டு நாளா நான் தாலியத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன் என்று தொடங்கிய ஏச்சு குமுளி செக்போஸ்ட் வரை நிற்கவில்லை. அம்மாவாசி அந்தம்மாவின் கையை விடவே இல்லை. நான் ஜீப்பை மெதுவாகவே ஓட்டினேன்.

மேற்படி இருளம்மாள் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஐயாவிடம் நேரில் சொல்லியிருக்கிறார். என் வண்டியை விடுவித்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். இதில் நான் கூட்டிச் சொன்னதும் மறைத்துச் சொன்னதும் இல்லை. வாசித்துக் காட்டக் கேட்டேன், என் வாயால் சொன்னபடியே இருக்கிறது.

(ஒப்பம்) கா. ஹக்கீம்