தொப்பி விளிம்பும் முழங்கையும்

எங்கள் பக்கத்தில் அக்டோபர் மாதச் சனிக்கிழமையில் யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள். வைத்தால் பாதிரியாரே ஆட்டத்தைக் கேட்கக் காதில் ரேடியோவைச் செருகிக்கொண்டுதான் வருவார். அலபாமாவில் பிறந்த உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, ஷெரிஃப். என் தங்கை நோரீனை ராய்ஸ் அப்படியொரு சனிக்கிழமையில்தான் கட்டினான். அன்றே அவனை எடைபோட்டுவிட்டேன்.

நான் கோபக்காரன் இல்லை. மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறேன். கோபக்காரனால் கடை நடத்த முடியாது. ஆனால் நம் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைப் பற்றி எவனாவது உளறினால் எனக்கு வயிறு எரியும். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் பார்பிக்யூ கடையில் உட்கார்ந்து, விலா எலும்பைக் கடித்துக்கொண்டே ராய்ஸ் உளறுவான்.

விஷயம் எளியது. பழைய பாணியில், எல்லோரும் வட்டமாகக் குனிந்து திட்டத்தைக் காதோடு காதாகச் சொல்லிக்கொள்வார்கள். பந்து எறிகிறவன் பக்கத்திலேயே கடா மாதிரி இரண்டு பேர் நிற்பார்கள், பாய்ந்து வருகிறவனை முட்டித் தள்ள. நானும் அந்தக் காலத்தில் அப்படி முட்டியவன்தான். இப்போது ஸ்பிரெட் என்று ஒன்று வந்திருக்கிறதே, அதில் அந்த இருவருக்கும் வேலையே கிடையாது. ஆட்களை மைதானம் முழுக்கப் பரப்பிவிடுவார்கள். வட்டமும் இல்லை, ரகசியமும் இல்லை. பயிற்சியாளர் எல்லைக்கோட்டில் நின்றுகொண்டு ஊரே பார்க்கக் கையாட்டுவார். அதுதான் திட்டமாம்.

"மச்சான், உன் ஆட்டம் மியூசியத்துல இருக்கு. டிக்கெட் வாங்கிப் போய்ப் பாரு" என்பான் ராய்ஸ். கடையே சிரிக்கும்.

"மாப்ள, உன் ஆட்டத்துல எறியறவன் முதுகை யாரு பாத்துக்குவா? கர்த்தரா?"

"அடிக்க வர்றதுக்குள்ள பந்து போயிருக்கும் மச்சான். நீ அடுத்த எலும்பை எடு."

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். நான் எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

எறிகிறவன் என்று சொன்னேனே, அவன் ராய்ஸின் மகன் கோல்பி. என் மருமகன். எங்கள் ஊர்க் கல்லூரி அணியின் குவாட்டர்பேக். நல்ல பையன். அவன் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

கோடையில் என் கொல்லைக்குத்தான் பயிற்சிக்கு வருவான். "மாமா, நீங்க கோச் மாதிரி கை காட்டுங்க. அது என்ன திட்டம்னு நான் சொல்றேன். வெளியில மூச்சு விட்றாதீங்க, அப்பாவுக்கே தெரியாது."

எல்லா சைகையும் கற்றுக்கொண்டேன். தொப்பி விளிம்பைத் தொட்டு முழங்கையைத் தட்டினால், பந்து பிடிக்கிற ஐந்து பேரும் ஓடிவிடுவார்கள். அந்த நேரம் எதிரணியில் கூடுதலாக ஒருவன் இடப்பக்கம் பாய்ந்தால் தடுக்க ஆள் இல்லை. வலக்கையால் எறிகிற கோல்பியின் முதுகு இருப்பதும் இடப்பக்கம்தான்.

"ஆபத்து இல்லையாடா?" என்று கேட்டேன்.

"அவங்களுக்குத்தான் தெரியாதே மாமா" என்று சிரித்தான்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரியின் உதவிப் பயிற்சியாளர் ஹாய்ட் என் கடையில்தான் தீவனம் வாங்குகிறார். மூட்டையை வண்டியில் ஏற்றிவிட்டுத் தொப்பி விளிம்பைத் தொட்டேன். முழங்கையைத் தட்டினேன். அதன் அர்த்தத்தைச் சொன்னேன். இடப்பக்கம் ஒருவனை அனுப்பச் சொன்னேன்.

"அவன் உன் மருமகன்ல?" என்றார்.

"ஆட்டம்னா ஆட்டம்தான்" என்றேன்.

ராய்ஸ் ஒரே ஒரு தடவை வாயை மூட வேண்டும். அதற்கு மேல் நான் எதற்கும் ஆசைப்படவில்லை.

ஆட்டத்தன்று பயிற்சியாளரின் கை தொப்பிக்குப் போனது, பிறகு முழங்கைக்கு. ராய்ஸ் என் பக்கத்தில் நின்று மகன் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். நான் கோல்பியைப் பார்க்கவில்லை. இடப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவன் நல்ல வேகமாகத்தான் வந்தான்.

கழுத்தில் அடி. தோளுக்குக் கீழே இனி ஒன்றும் அசையாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

மருத்துவமனையில் ராய்ஸ் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நீ சொன்னதுதான் சரி மச்சான். எம்புள்ள முதுகைப் பாக்க ஒருத்தன் இல்ல." அவன் வாயிலிருந்து அது வர எத்தனை வருஷம் ஆனது, பாருங்கள். முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ராய்ஸ்தான் முடிக்க விடவில்லை. போன ஞாயிறு பார்பிக்யூ கடைக்கு வந்தவன், எல்லோர் முன்னாலும் சொல்கிறான்: "எவனோ காட்டிக் கொடுத்திருக்கான். இல்லேன்னா அந்த ஆட்டத்துல பிசகே கிடையாது."

பிசகே கிடையாதாம், ஷெரிஃப். பெற்ற பிள்ளை அப்படிக் கிடக்கிறான், இவனுக்கு ஆட்டத்தில் ஜெயிக்க வேண்டியிருக்கிறது. இப்படியும் ஒரு தகப்பன் இருப்பானா? கொடுத்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறவனை எனக்குப் பிடிக்காது.

தட்டைத் தள்ளி வைத்தேன். "நான்தான் சொன்னேன்" என்றேன். "கோல்பி சொல்லிக் கொடுத்த சைகையை ஹாய்ட்கிட்ட நான்தான் சொன்னேன். சொன்னா என்ன? என் காலத்து ஆட்டத்தை எதிராளிகிட்ட எழுதியே கொடுத்தாலும் பக்கத்துல ரெண்டு பேர் நிப்பாங்க. உன்னுதுல யாரு நிப்பா? சொல்லு மாப்ள."

மருத்துவமனைக்குச் சாப்பாடு வாங்க வந்த நோரீன், பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். ராய்ஸ் வாயைத் திறந்தான், மூடினான்.

இத்தனை வருஷ வாதத்தில் அன்றுதான் ஒருத்தராலும் எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை.