ஈப்போவுக்கு ரயில் டிக்கெட்

கிள்ளானில் உள்ளூர் ரயில் ஏறியவர்கள்: லோரி கம்பெனி சட்டை போட்ட அண்ணன், அவர் மனைவி, ஏறியதும் தூங்கிப்போன சீன அங்கிள், நான்.

"லீவுக்கு ஈப்போ போக கார் வாடகைக்கு எடுத்துரலாம்லா," என்றார் அண்ணன் மனைவியிடம்.

"வேணாங்க. கார்ல போனா உங்க இடது காத மட்டுந்தான் பாத்துக்கிட்டு வரேன்."

"என் காதுக்கு என்ன கொறச்சல்?"

"வாரம் பூரா லோரி ஓட்டறீங்க. லீவுலயும் ஸ்டேரிங்கா? ரயில்ல என்கூட உக்காந்து பேசிக்கிட்டு வாங்க. ஸ்டேசன் பக்கத்துலயே மலிவா ஹோட்டல் இருக்கு."

அண்ணன் போனில் டிக்கெட் தேடினார். "சனிக்கிழமை காலை வண்டியில ஆளுக்கொரு கோச்லதான் எடம் இருக்கு."

"அப்ப நான் யார்கிட்ட பேசறது?"

"பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட பேசு."

அந்த அக்கா சிரிக்கவில்லை. அண்ணன் மறுபடியும் தேடினார்.

"மத்தியான வண்டியில இருக்கு."

"பக்கத்துப் பக்கத்துல எத்தன சீட்டு?"

"ரெண்டு."