ஒரு சொட்டுக்கூட வராத கண்

"ஹலோ... ஹலோ... கேக்குதா? நாந்தான், அனு... ஆமா, ஆமா, கிளாஸ் நேரம்னு தெரியும். செத்த வெளிய வாங்களேன்... இல்ல, இல்ல, பதறாதீங்க. ஸ்கேன் முடிஞ்சிட்டு... பைய வாங்க. நான் லைன்லயே இருக்கேன்."

பாளையங்கோட்டையில், ஆஸ்பத்திரிக்கு எதிர்த்த மருந்துக்கடை நிழலில் அனுராதா நின்றிருந்தாள். அம்பாசமுத்திரத்துப் பள்ளிக்கூடத்தில் அவள் புருஷன் ஐயம்பெருமாள் கணக்கு வாத்தியார். முதல் பிள்ளை போன பிறகு அவன் அங்கே அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டான். சண்டை என்று எதுவும் இல்லை. பேச்சுதான் குறைந்துபோயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வருவான், போவான். இப்போது அவளுக்கு மறுபடியும் அஞ்சாம் மாசம்.

"வந்துட்டீயளா? யாரும் பக்கத்துல இல்லையே?... சரி. ரத்தம் எடுத்தாவல்லா, அது வந்துட்டு... அதேதான், கண்ணு டாக்டர் எழுதிக் குடுத்தது... ஆமா, கண்ணுல மணல் விழுந்த மாதிரி உறுத்துதுன்னுதான் போனேன். அவுக வாயைத் தெறக்கச் சொல்லிப் பாத்துட்டு மூட்டுவாத டாக்டரம்மாட்ட அனுப்பிட்டாவ... எனக்கும் அப்படித்தான் இருந்திச்சு, கண்ணுக்கும் மூட்டுக்கும் என்ன சம்பந்தம்னு... கேளுங்களேன். குறுக்க பேசாதீங்க."

அவள் குரல் ஏறி, அப்புறம் தணிந்தது.

"உடம்புக்குக் காவலா இருக்க வேண்டியது உடம்பையே கடிக்குதாம்ங்க. மொதல்ல கண்ணீர் ஊறுத எடத்தை, எச்சில் ஊறுத எடத்தை... ஆமா, அதான். ஒரு வாய் சோத்துக்கு ஒரு மடக்குத் தண்ணி. அத்தை திட்டுவாவல்லா, இவ சோறு திங்காளா தண்ணி குடிக்காளான்னு... ரொம்ப வருசமா இருந்திருக்கும்னாவ. எனக்கு வேற ஒண்ணுமே செய்யலையே, எப்படித் தெரியும்?... இருங்க. இனிமேதான் இருக்கு."

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகும் வரை காத்திருந்தாள். அடுத்ததைச் சொல்ல நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கைப்பையிலிருந்த பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"பாப்பாவுக்கு நெஞ்சு மெதுவா அடிச்சிச்சுல்லா... நம்ம பாப்பாதான். மொதப் பிள்ள... அது இதனாலதானாம். என் ரத்தத்துல இருக்கது நஞ்சுக்கொடி வழியா உள்ள போயி, அவ நெஞ்சைத் தொட்டிருக்கு... ஆமா... ஆமா... நான் சும்மா சொல்லல, டாக்டரம்மா படம் வரைஞ்சு காட்டினாவ... ஹலோ? இருக்கீயளா?"

போனை மற்றக் காதுக்கு மாற்றி அழுத்திக்கொண்டாள்.

"அன்னைக்கு அவள ஆத்தங்கரைக்குத் தூக்கிட்டுப் போனப்பம், உங்கம்மா எல்லார் முன்னாலயும் சொன்னாவல்லா. பெத்தவ கண்ணுல ஒரு சொட்டு வரலையே, கல்லுன்னு... இல்ல, அவுகள இப்பம் குத்தம் சொல்லல. நீங்களும் ஒரு நா கேட்டீய. ஏன் அனு நீ அழவே இல்லைன்னு... நெனவு இருக்கா? எனக்கே தெரியல. நெசமாவே நான் கல்லுதான் போலன்னு நெனச்சுக்கிட்டேன்... அழுதேங்க. உள்ளுக்குள்ள அழுதேன். கண்ணு எரிஞ்சிச்சு, தண்ணி வரல. அழ விடாமப் பண்ணதும் அதுதான். அவளக் கொண்டுட்டுப் போனதும் அதுதான்."

"... என்ன? என்னங்க... அழுவுதீயளா?... கிளாஸ் பிள்ளைக பாத்துரப் போறாவ. ஓரமா நில்லுங்க... அழுங்க, பரவால்ல. அழுங்க."

அவளும் கண்ணை இறுக மூடினாள். இமைக்குள் அதே மணல்.

"... தப்பு என்னுதில்லன்னு டாக்டரம்மாவும் சொன்னாவ. ஆனா ரத்தம் என்னுதுதான?... இல்ல, நான் சொல்லுதேன். பேயி, பிசாசுன்னா ஓட்டிரலாம். இது எனக்குள்ளயே ஓடுது, எங்கன போயி விரட்ட?... பஸ்ல இண்டிகேட்டர் அடிச்சாக்கூட எனக்கு அவ நெஞ்சுதான் கேக்குது. டொக்... டொக்னு. கடைசி மாசத்துல ஸ்கேன் ரூம்ல கேட்டமே, அதே மாதிரி. உங்களுக்குக் கேக்கலையா?... கேக்குமா? உங்களுக்குமா?... ஒரு நாளும் சொல்லலையே நீங்க."

மருந்துக்கடைப் படியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"... மாத்திரை குடுத்திருக்காவ. மலேரியாவுக்குக் குடுக்கதுதானாம். பிள்ளைக்கு ஒண்ணும் பண்ணாதுன்னாவ. மாத்திரை போட்டா, இந்தப் பிள்ள தப்பிக்கத்தான் வாய்ப்பு அதிகமாம்... அதிகம்னுதான் சொன்னாவ. கட்டாயம்னு சொல்லல... ஆறாம் மாசம் முடியுத வரை வாராவாரம் வந்து நெஞ்சுத்துடிப்பு பாக்கணும்... இன்னைக்கு நல்லா இருக்குன்னாவ... நான் கேக்கல... அதான், கேக்கல. சத்தமா வச்சாவ. நான் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டேன்."

"... வாரீயளா? அடுத்த வாரமா?... லீவு?... அத்தைகிட்ட நீங்களே சொல்லுதீயளா? கல்லுன்னு சொன்னதுக்கும் சேத்தா?... சரி. சொல்லுங்க. சண்ட போடாதீங்க."

"பொறவு... என்னங்க, ஒண்ணு. நீங்க உள்ள வந்து நில்லுங்க. நீங்க கேளுங்க. நான் காதைப் பொத்திக்கிடுதேன். வேகமா அடிச்சா என் கையத் தொடுங்க. மெதுவா அடிச்சா எங்கிட்ட சொல்லாதீங்க, என்ன?... ம்... ம்... இல்ல. இல்லங்க, இருங்க. மெதுவா அடிச்சாலும் சொல்லிருங்க. எனக்குத் தெரியணும். இந்தத் தடவ மொதல்ல எனக்குத்தான் தெரியணும்... சொல்லுவீயளா?... ஹலோ?... ஹலோ, கேக்குதா?... என்னங்க?"