இடது முன்னங்கால்

குதிரைக் காலை அப்பறமாப் பாக்கலாம் அண்ணாச்சி. பல்லைப் பாத்துட்டியள்லா, பதினோரு வயசுன்னு நீங்களே சொல்லிட்டிய. மொதல்ல கட்டில்ல உக்காருங்க. ராபியா, அண்ணாச்சிக்குக் காப்பி கொண்டா.

பட்டாளத்துல குதிரைப் பக்கம் இருந்த ஆளுன்னு சொன்னாவ. கையைக் கொண்டுபோன தோரணையிலயே தெரிஞ்சுட்டு. மூஞ்சிக்கு நேரா நீட்டாம, கழுத்தைத் தொட்டுட்டு வந்தியளே. பாருங்க, ஒங்க சட்டைப்பையை மோந்து பாக்கு. நானா? நான் இங்கன தள்ளியே நின்னுக்கிடுதேன்.

ஒண்ணு கேக்கணும். சுந்தரபாண்டியபுரத்துல ஒங்க வீட்டுப் பக்கம் லாடம் அடிக்கவன் யாரும் இருக்கானா? கெடையாதா. மாட்டைத் தென்காசிக்குத்தான் ஓட்டிட்டு வருவியளாக்கும். அப்பம் சரி. சும்மாதான் கேட்டேன்.

கருங்காப்பிதான், குடிங்க. கறவை ஒண்ணு நின்னுச்சு. அதைக் குடுத்துட்டுத்தான் குதிரையை வாங்குனேன். என் வீட்டுக்காரி ராபியா அதை இன்னும் சொல்லிக்காட்டுதா. காப்பி போடும்போதெல்லாம் சொல்லுவா.

ரெண்டு பேரைத் திருப்பி அனுப்பிட்டேன். ஒருத்தர் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடணும்னு வந்தாரு. கொட்டும் வேட்டும் இதுக்கு ஆவாது. இன்னொருத்தன் செங்கோட்டைப் பக்கம் எஸ்டேட் மேஸ்திரி, மலையில மூடை ஏத்தணுமாம். அண்ணாச்சி, இது ஆளு ஏறுத குதிரை. குற்றாலத்துல பங்களா வச்சிருந்த ஜமீன் வீட்டுக் குதிரை. காலம்பற சாரல்ல அந்த வீட்டுப் பிள்ளை ஐந்தருவி ரோட்டுல இதுமேல வந்தார்னா, எண்ணெய் தேய்க்கவனும் தேச்சுக்கிடுதவனும் ஒண்ணாத் தலையைத் தூக்கிப் பாப்பான்.

பெறவு எப்பிடி ஜட்காவுக்கு வந்துச்சுன்னா, போன வருசம் ஆனி மாசம் நொண்ட ஆரம்பிச்சுட்டு. ஜமீனையும் சர்க்கார் எடுத்தாச்சு, நொண்டிக் குதிரைக்கு யாரு தீனி போடுவா. அய்யாக்குட்டி வாங்கிட்டான். ஸ்டேஷன்ல இருந்து அருவிக்கு ஆள் ஏத்துதவன். சீசன் சமயம், ஓய்வு கெடையாது. முதுகுல கெடக்க தழும்பெல்லாம் அவன் சாட்டைதான். ஆடி பாதியில மேலகரத்துக்கிட்ட மழையில வண்டியோட விழுந்துட்டு. நான்தான் அவுத்துக் கொண்டாந்தேன்.

ஊர்ல இப்பமும் அய்யாக்குட்டியைத்தான் ஏசுதாவ. அவன் வண்டியில ஏறவே யோசிக்காவ. நானும் கூடச் சேந்து ஏசியிருக்கேன்.

காலுதான? பாக்கலாம். விடமாட்டேங்கியளே. கொஞ்சம் இருங்க, ராபியா உள்ள போவட்டும்.

இடது முன்னங்கால். தூக்குனா ஒங்களுக்கே தெரிஞ்சிரும், அதனால சொல்லுதேன். நான் மாட்டுக்கு லாடம் அடிக்கவன். குதிரைக்கு அடிக்கவர் வேற, அவரு கொல்லத்துக்கு மக வீட்டுக்குப் போயி ஒரு மாசம் வரல. பங்களாவுல இருந்து குதிரையைக் கொண்டாந்துட்டு, ஒலி முகம்மது, ஒனக்குத் தெரியும்லான்னு கேட்டாவ. பட்டறை வாசல்ல பத்துப் பேரு நிக்கான். தெரியாதுன்னு சொல்ல வாய் வரல.

குதிரையை நிக்க வச்சுக் காலைத் தூக்கில்லா அடிக்கணும். நான் மாட்டைத் தள்ளுத மாதிரி கயித்தைப் போட்டுச் சாச்சு, நாலு காலையும் சேத்துக் கட்டிட்டேன். மாட்டுக்கு அடிக்க சாய்வுலயே ஆணியை அடிச்சேன். கடைசி ஆணி உள்ள சதையில ஏறிட்டு. தெரியாம இல்ல. குளம்புல ஏறுத ஆணிக்கு டக்கு டக்குன்னு சத்தம் வரும். சதையில போனா சத்தம் அமுங்கிரும். அப்பமே புடுங்கியிருக்கலாம். பத்துப் பேரு பாத்துக்கிட்டு நிக்கானே.

ரெண்டு நாள்ல நொண்டுதுன்னு வந்தாவ. திமிரு, நடிக்குன்னு சொல்லி அனுப்பிட்டேன். அய்யாக்குட்டியும் வாங்கதுக்கு முன்னால எங்கிட்ட வந்துதான் கேட்டான். காலு சுத்தமா இருக்கு, நாலு போட்டு ஓட்டு, சரியாயிரும்னு சொன்னேன். அவன் நான் சொன்னதைத்தான் செஞ்சான்.

விழுந்து கெடக்கையில அந்த ஆணியை நான்தான் புடுங்குனேன். எந்திரிக்கச் சத்து இல்லாததுனால விட்டுச்சு. சீழு அப்பிடி வந்துது. இப்பம் ஆறிட்டு, ஆளு ஏறலாம், வேகமா ஓட்டாதிய. ஆனா நான் பட்டறையில சுத்தியலை எடுத்தா இங்கன இது நடுங்குது. தண்ணி குடிக்காது. என் கையால ஒரு பிடி புல்லு தின்னது கெடையாது. ராபியாதான் போடுதா. ஏன்னு அவளுக்குத் தெரியாது.

அய்யாக்குட்டிட்டயா? இன்னும் சொல்லல அண்ணாச்சி.

சரி, தூக்கிப் பாருங்க. நான் வெளிய போயிருதேன், நான் நின்னா காலைக் குடுக்காது. கொண்டு போவதா இருந்தா பின்னால வாய்க்காக் கரையோட நடத்திட்டுப் போயிருங்க. கொஞ்சம் சுத்துதான். வாசல் வழியாப் போனா பட்டறையைத் தாண்டணும்.