ஒரு கே கூட இல்லாத ஆட்டம்

எமில்: ...அதான் சொல்றேன், ஸ்கோர் அட்டையத் திருப்பிப் பிடி. மேல இருக்குற வரிசை நியூயார்க். கீழ நம்ம பிட்ஸ்பர்க்.

ஐரீன்: எனக்கு எதுக்குண்ணா இதெல்லாம்?

எமில்: டேப்புல சொல்லச் சொல்ல விரல் வச்சுக்கிட்டே வரலாம். இங்க பாதிப் பேரு அப்படித்தான் கேக்கறாங்க.

ஐரீன்: பைத்தியக்காரக் கூட்டம். மைதானத்த இடிச்சு நாப்பது வருஷம் ஆச்சு. மிச்சம் நிக்கிறது ஒரு செங்கல் சுவரு. அதுக்கு எதிர்க்க நாற்காலி போட்டு அறுபதாம் வருஷத்து பேஸ்பால் ஆட்டத்தக் கேட்டுக்கிட்டு...

எமில்: உலகத் தொடர், ஏழாவது ஆட்டம்! வருஷா வருஷம் அக்டோபர் பதிமூணு, சரியா ஒரு மணிக்குப் போடுவோம். அப்பதான் கடைசி அடி மூணு முப்பத்தாறுக்கு விழும். அன்னிக்கு விழுந்த அதே நிமிஷம்.

ஐரீன்: முடிவு தெரிஞ்ச ஆட்டம்.

எமில்: தெரிஞ்சும் ஒன்பதாவது சுத்துல, அதான் கடைசி, என்னால உக்காந்திருக்க முடியாது. இந்தா, சாண்ட்விச். ஹாம் கறிய நீ கேக்குற மாதிரி மெலிசா சீவச் சொல்லி வாங்கினேன்.

ஐரீன்: லஞ்சமா?

எமில்: ஆமா. சாப்பிட்டுட்டுக் கையெழுத்துப் போடு.

ஐரீன்: அத மட்டும் கேக்காத.

எமில்: நாளைக்குக் காலையில அப்பாவ அடக்கம் பண்ணணும், ஐரீன். அம்மா பக்கத்துல இடம் சும்மாதான் கிடக்கு. அம்மாவப் பெத்த தாத்தா அத உன் பேர்ல எழுதி வச்சிட்டுப் போயிட்டாரு. உன் கையெழுத்து இல்லாம தோண்ட மாட்டேங்கறாங்க. நாலு மணிக்குக் கல்லறை ஆபீஸ மூடிருவாங்க.

ஐரீன்: அம்மா ஆஸ்பத்திரிக் கட்டில்ல தனியாக் கிடந்து செத்தா. அந்நேரம் அவரு இந்தச் சுவத்துக்கு உள்பக்கம் உக்காந்து ஆட்டம் பாத்துக்கிட்டிருந்தாரு. அவர எப்படி அவ பக்கத்துல படுக்க வைப்பேன்?

எமில்: அப்புறம் எதுக்கு இங்க வந்த? இத்தன வருஷமா எட்டிக்கூடப் பாக்கலையே.

ஐரீன்: பதினோரு வயசுல அவர் சட்டையப் புடிச்சுக் கேட்டேன். 'அம்மாவ விட்டுட்டு அங்க அப்படி என்னத்தப் பாத்தீங்க?'ன்னு. என்ன சொன்னாரு தெரியுமா? 'நியூயார்க் யாங்கீஸோட பெரிய ஆளு ஒருத்தன் மூணு பந்துக்கும் காத்துலயே மட்டைய வீசிட்டுப் போனான். கூட்டமே எழுந்து நின்னுச்சு'ன்னாரு. அந்த மூணு பந்து எப்படித்தான் இருக்கும்னு ஒரு தடவ கேட்டுட்டு, அப்புறமா முடிவு பண்றேன்.

எமில்: அதக் கேக்கத்தான் வந்தியா?

ஐரீன்: என்ன, முழிக்கிற?

எமில்: ஒண்ணுமில்ல. காபி ஊத்தட்டா?

ஐரீன்: ஊத்து. அந்த ஆளு எதுக்கு அவ்வளவு பெரிய பழைய ரேடியோவத் தூக்கிட்டு வந்திருக்காரு?

எமில்: வால்வு ரேடியோ. டேப்போட சத்தத்த அது வழியாத்தான் விடறாரு, அன்னிக்குக் கேட்ட மாதிரியே இருக்கணுமாம். உள்ள சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய் இருக்கும். போட்ட உடனே பாடாது. குழாய் சிவக்கணும், சூடேறணும், அப்பதான் குரல் வரும். அணைச்சாலும் லேசுல ஆறாது, பெட்டி மேல கைய வச்சா...

ஐரீன்: தெரியும். நம்ம வீட்டுலயும் அதான் இருந்துச்சு.

எமில்: ஆமால்ல. நீ அன்னிக்கு வீட்டுலதான இருந்த? வயித்துவலின்னு ஸ்கூலுக்கு மட்டம் போட்டுட்டு.

ஐரீன்: நெஜமாவே வலி.

எமில்: கள்ளி. ஆட்டம் நடக்குற நாளாப் பாத்து உனக்கு வலி வந்துரும்.

ஐரீன்: இரு, இரு... ஹலோ! ஆமா, நான்தான்... இல்ல, இன்னும் முடிவு பண்ணல. நாலு மணி வரைக்கும் நேரம் இருக்குல்ல? சரி.

எமில்: கல்லறை ஆபீசா?

ஐரீன்: ம்.

எமில்: உன் போனு ஒரு தடவகூட முழுசா அடிச்சு நான் கேட்டதில்ல. அடைகாக்குற கோழி மாதிரி மடியிலயே வச்சிருக்க.

ஐரீன்: அடிச்சா எடுக்கணும். அவ்வளவுதான். அட்டையப் பத்திச் சொல்லு.

எமில்: கேக்கறியா? நல்லாப் பாரு. ஒரு கட்டம்னா ஒருத்தன் மட்டையோட வந்து நிக்கிற ஒரு தடவ. மைதானத்துல நிக்கிற ஒன்பது பேருக்கும் நம்பர் இருக்கு. பந்து வீசறவன் ஒண்ணு. மூணுன்னா முதல் முனையில நிக்கிறவன். ஆறுன்னா ரெண்டாவது முனைக்கும் மூணாவது முனைக்கும் நடுவுல நிக்கிறவன். இங்க 'ஆறு, மூணு'ன்னு போட்டிருக்கா? ஆறு எடுத்து மூணுக்கு எறிஞ்சான், அடிச்சவன் அவுட். நாலு முனையும் சுத்தி வந்து வீடு சேந்துட்டா கட்டத்துக்குள்ள ஒரு வைரம். அத பென்சிலால கருப்பா நிரப்பிருவோம். எத்தன கருப்பு வைரமோ அத்தன ரன்.

ஐரீன்: அழகாத்தான் இருக்கு. மூணு பந்தையும் கோட்டை விட்டா?

எமில்: கோட்டை விட்டாவா?

ஐரீன்: அதுக்கு என்ன போடுவீங்க?

எமில்: கே. மூணையும் விட்டா அவுட், அதுக்கு 'கே'ன்னு ஒரே ஒரு எழுத்து.

ஐரீன்: சரி.

எமில்: சாண்ட்விச் அப்படியே இருக்கு பாரு.

ஐரீன்: பேசாம இரு. கேக்க விடு.

எமில்: எட்டாவது சுத்து வந்தாச்சு. நம்ம ஆளுங்க மூணு ரன் பின்னாடி... இதோ, இந்தப் பந்து! நேரா அந்த ஆறாம் நம்பர் கைக்குப் போக வேண்டியது. ரெண்டு பேர சேத்து அவுட் ஆக்கியிருப்பான். தரையில கல்லோ மேடோ, எதுலயோ பட்டு எகிறி அவன் தொண்டையில அடிச்சிருச்சு.

ஐரீன்: ஐயோ.

எமில்: அங்கதான் எல்லாம் மாறுச்சு. அப்புறம் பாரு, வழக்கமா வெளியில உக்காந்திருக்கற ஒருத்தன், ஆட்டத்துக்கு நடுவுல உள்ள வந்தவன், சுவத்தத் தாண்டி அடிச்சான். ஒரே அடியில மூணு ரன். பந்து போனதே தெரியல, வெயிலு கண்ணக் கூசுச்சு, கையால மறைச்சுத்தான்...

ஐரீன்: வெயிலா?

எமில்: என்ன வெயிலு?

ஐரீன்: டேப்புல வெயிலப் பத்தி ஒண்ணும் சொல்லலையே.

எமில்: அப்பா சொல்லியிருப்பாரு.

ஐரீன்: அப்பா எங்கிட்ட சொன்னது மூணே மூணு பந்து. நான் மொதல்லேருந்து காத்துக்கிட்டிருக்கேன். அட்டையையும் ரெண்டு தடவ கட்டம் கட்டமாப் பாத்துட்டேன், மேலயும் கீழயும். ஒரு கே கூட இல்ல.

எமில்: ஐரீன்...

ஐரீன்: ஒன்பதாவதுல வருமா?

எமில்: வராது.

ஐரீன்: எழுதினவரு விட்டுட்டாரா?

எமில்: இல்ல. இந்த ஆட்டத்துல ரெண்டு பக்கமும் ஒருத்தன்கூட அப்படி அவுட் ஆகல. நான் படிச்ச வரைக்கும் உலகத் தொடர்லயே இப்படி இன்னொரு ஆட்டம் கிடையாது. இங்க இருக்குற யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க.

ஐரீன்: அப்ப இங்க உக்காந்து பாத்த ஒருத்தரு அப்படிச் சொல்லியிருக்கவே முடியாது.

எமில்: முடியாது.

ஐரீன்: அப்பா ஆட்டத்துக்கு வரல.

எமில்: வரல. இரும்பு மில்லுல மூணு மணி வரைக்கும் அவருக்கு வேல. ஷிப்டு முடிஞ்சு நேரா ஆஸ்பத்திரிக்குப் போனாரு. போறதுக்குள்ள அம்மா...

ஐரீன்: இந்த அட்ட யாரு எழுதினது?

எமில்: டிக்கெட்ட போர்மேன் அப்பாவுக்குக் குடுத்தாரு. அம்மா அப்படிக் கிடக்கறப்ப வேண்டாம்னு சமையலறை டிராயர்ல போட்டு வச்சாரு. எங்கிட்ட, 'நீ ஸ்கூலுக்குப் போக வேண்டாம், மத்தியானம் அம்மா பக்கத்துல உக்காந்திரு, நான் வர்ற வரைக்கும் எழுந்திரிக்காத'ன்னாரு.

ஐரீன்: நீ டிராயரத் தொறந்த.

எமில்: பதினாறு வயசு, ஐரீன். ரெண்டரை மணி நேரந்தானேன்னு நெனச்சேன். முதல் ரெண்டு சுத்து வரைக்கும் மனசு அங்கதான் இருந்துச்சு. அப்புறம்... மறந்தே போச்சு. அம்மாவ மறந்தே போயிட்டேன்.

ஐரீன்: ஆனா அன்னிக்கு ராத்திரி ஸ்டெல்லா சித்தி கேட்டப்ப...

எமில்: 'அவ பக்கத்துல ஏன் ஒருத்தர்கூட இல்ல?'ன்னு சித்தி கத்தினா. நான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள அப்பா, 'நான்தான் உக்காந்திருக்கணும். ஆட்டத்துக்குப் போயிட்டேன்'னாரு. சித்தி காபிக் கோப்பைய அவர் மேல விட்டெறிஞ்சா. தொடைக்கக்கூட இல்ல அவரு. மில்லுல அத்தன பேருக்கும் தெரியும் அவரு அன்னிக்கு உலைக்கு முன்னாடி நின்னாருன்னு. ஒருத்தரும் வாயத் தொறக்கல.

ஐரீன்: அந்த மூணு பந்து?

எமில்: நீ சட்டையப் புடிச்சுக் கேட்டா என்ன பண்ணுவாரு? அவர் என்னத்தப் பாத்தாரு சொல்றதுக்கு? பேஸ்பால்னா எங்கயாவது ஒருத்தன் மூணு பந்தக் கோட்டை விடத்தான் செய்வான்னு நெனச்சுச் சொல்லிட்டாரு.

ஐரீன்: அதையே நெனச்சு நெனச்சு... பதினெட்டு வயசுல வீட்ட விட்டுப் போனேன். அவரு என் கல்யாணத்துக்கு வந்து வாசல்ல நின்னாரு. உள்ள கூப்பிடல.

எமில்: ஒவ்வொரு வருஷமும் இந்த நாள்ல உனக்குப் போன் பண்ணிச் சொல்லிரணும்னு நெனப்பேன். நீ ஒரே ரிங்குல எடுத்துருவ. எனக்கு வாய் வராது. அட... ஒன்பதாவது. சமமாகிப் போச்சு, ஒன்பதுக்கு ஒன்பது. எல்லாரும் எழுந்திரிக்கறாங்க பாரு.

ஐரீன்: நான் கேக்கல. போயிடலாம்ணா. இந்தச் சுத்து வேண்டாம்.

எமில்: ரெண்டே பந்துதான். நம்ம மாஸரோஸ்கி வந்து நிக்கிறான். பந்து புடிக்கறதுக்குப் பேர் போனவன், அடிக்கறதுக்கு இல்ல. யாருமே எதிர்பாக்கல...

ஐரீன்: அண்ணா, வேண்டாம்னு சொல்றேன்ல!

எமில்: ...சுவத்தத் தாண்டிப் போயிருச்சு, ஜெயிச்சுட்டோம். மூணு முப்பத்தாறு. ஐரீன்? ஏய், காத எதுக்குப் பொத்திக்கற? முடிஞ்சிருச்சு. கைய எடு.

ஐரீன்: பேனாவக் குடு.

எமில்: நெஜமாவா?

ஐரீன்: குடு. காகிதத்த அட்டை மேல வை, காத்துல பறக்குது. எங்க போடணும், இங்கயா?

எமில்: இங்கதான். கீழயும் ஒண்ணு. இருபது நிமிஷத்துல ஆபீசுக்குப் போயிரலாம்... ஐரீன், இனி எங்கூடவும் பேச மாட்ட, இல்ல?

ஐரீன்: கீழயும் போட்டாச்சு, இந்தா.

எமில்: பரவால்ல. அவருக்கு அம்பது வருஷம் பண்ணினத எனக்குப் பண்ணு. நான்தான் அம்மாவத் தனியா விட்டேன்.

ஐரீன்: நீ மட்டும் இல்லண்ணா. கடைசிச் சுத்துல, நியூயார்க் சமன் பண்ணினதுமே வீட்டுல போன் அடிச்சுது. ஆஸ்பத்திரின்னு எனக்குத் தெரியும், வேற யாரு அந்நேரத்துக்குக் கூப்பிடுவா? இந்த ஒரு ஆள் அடிச்சு முடிக்கட்டும்னு உக்காந்திருந்தேன். அது அடிச்சு அடிச்சு நின்னு போச்சு. அப்புறம் ஊரே கத்துச்சு, நானும் கத்தினேன், கட்டில் மேல ஏறிக் குதிச்சேன். வாசல்ல அப்பா காலடிச் சத்தம் கேட்டப்பதான் ரேடியோவ அணைச்சுட்டுப் போர்வைக்குள்ள போனேன். 'ஆஸ்பத்திரியிலேருந்து கூப்பிட்டாங்களாமே, கேக்கலையா கண்ணு?'ன்னாரு. தூங்கிட்டேம்பான்னு சொன்னேன். அவரு ஒண்ணும் கேக்கல. நேரா ரேடியோகிட்டப் போயி அது மேல கைய வச்சாரு. வச்ச கைய எடுக்காம அப்படியே நின்னுக்கிட்டிருந்தாரு. அது இன்னும் சுட்டுக்கிட்டுதான் இருந்துச்சு.