எழுபத்தாறு எபிசோடுகளில் நான் செய்த திருத்தம்

இந்தச் சரித்திரத் தொடர்களில் பனி பெய்ய ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். அது பனியே இல்லை, சோப்பு நுரை. தலையில் விழுந்தது கரையாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும். நாயகனும் நாயகியும் அதற்குள் நின்று ஒருவரையொருவர் பார்ப்பார்கள், பார்ப்பார்கள், பாதி எபிசோடு போய்விடும். பிறகு மூக்கு கூடச் சிவக்காமல் வீட்டுக்குப் போவார்கள்.

உங்கள் அம்மா பார்ப்பாரா? பார்ப்பார் என்றுதான் நினைக்கிறேன், நம் ருய்ஆன் ஊரில் என் வயதுப் பெண்கள் யார்தான் பார்ப்பதில்லை. அவரிடமே கேளுங்கள், நான் சொல்வது சரியா என்று. போன வருடம் வந்த ஒன்றில், மிளகாய் நம் சீனாவுக்கே வந்து சேராத காலத்து அரசிக்குத் தட்டு நிறைய மிளகாய் போட்ட மீனைப் பரிமாறினார்கள். ஒருத்தி முடியைத் தூக்கிக் கட்டி ஆண் உடை போட்டுக்கொண்டால் போதும், பெற்ற அப்பனுக்கே அடையாளம் தெரிவதில்லை. உதட்டுச் சாயம் மட்டும் அப்படியே இருக்கும். நெஞ்சில் அம்பு பாய்ந்தவன் பத்து நிமிடம் பேசிவிட்டுத்தான் சாவான். விஷம் வைக்கிறவள் மிச்ச விஷத்தை மடித்துத் தன் தலையணைக்கு அடியிலேயே வைத்துக்கொள்வாள், காவலர்கள் வந்து எடுக்க வசதியாக. இப்படிக் காதில் பூ சுற்றுவதற்கு எழுபத்தாறு எபிசோடு.

நான் சும்மா குறை சொல்கிறவள் இல்லை. செருப்புத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் பதினாறு வருடம் இருந்தேன். ஒரு தையல் தப்பினாலும் என் கண்ணில் பட்டுவிடும். என் மாமனாருக்கு, அதாவது நீங்கள் யாருடைய சாவை விசாரிக்கிறீர்களோ அந்தப் பான் டிங்ஷுன் அவர்களுக்கு, இருதயம் கெட்டபோது அந்த வேலையை விட்டேன். என் கணவர் கோபின் வெளியூரில் வேலை, மாதத்துக்கு இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். வேறு யார் பார்ப்பது? ஒரு நாள் கூட இந்த மாத்திரைகளை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் தாங்காது என்று மருத்துவர் என்னிடம்தான் சொன்னார். அதை நானே உங்களிடம் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். பதினோரு வருடம் ஒரு வேளை கூடத் தவறவிட்டதில்லை.

அவருக்குக் கண்ணில் புரை. பள்ளிக்கூடம் போனதில்லை. தொலைக்காட்சியில் பேசுவது பெய்ஜிங் பேச்சு, அவருக்கோ எங்கள் வென்ஜோப் பேச்சைத் தவிர வேறு தெரியாது. கீழே ஓடுகிற எழுத்தும் அவருக்கு உதவாது. அதனால் கதையை நான்தான் சொல்ல வேண்டும். தினமும் மதியம் ஒரு மணிக்கு உட்காருவோம், இரண்டு எபிசோடு. இவன் அமைச்சர், இவள் இரண்டாவது அரசி, இப்போது அழுகிறாள், இது பொய் அழுகை என்று சொல்லிக்கொண்டே போவேன். அவர் கசப்பு ஆரஞ்சு உரித்துத் தின்றபடி கேட்பார்.

அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. கஞ்சி நன்றாக இருந்தால் சத்தமில்லாமல் குடிப்பார், நன்றாக இல்லாவிட்டால் கிண்ணத்தைத் தள்ளி வைப்பார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, நான் அப்படிப்பட்டவளும் இல்லை. கதை சொல்லும் இரண்டு மணி நேரம் மட்டும் அவர் முகம் என் பக்கம் திரும்பியிருக்கும். எனக்கு அது போதுமாக இருந்தது.

இந்த வருடம் ஏப்ரலில், முன்னோர் கல்லறைகளைச் சுத்தம் செய்யும் நாளுக்கு அவருடைய மகள் ஆலியன் இத்தாலியிலிருந்து வந்தாள். இருபது வருடமாக அங்கே தோல்பை தைக்கும் பட்டறை. ஒரு வாரம் இருப்பாள் என்று நினைத்தேன். அப்பா மெலிந்துவிட்டார் என்று சொல்லித் தங்கிவிட்டாள். வந்த மூன்றாம் நாள், வாரத்துக்கு ஏழு அறை போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து வைத்து, மாத்திரைகளை எல்லாம் அதில் பிரித்துப் போட்டாள். "அண்ணி, பதினோரு வருஷம் நீங்க பாத்தது போதும், இனிமே நான் பாத்துக்கறேன்" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அவள் எதையும் கெட்ட எண்ணத்தில் சொல்ல மாட்டாள், அதுதான் அவளிடம் பெரிய தொல்லை.

ஒரு வாரம் கழித்து, பக்கத்து வீட்டு ஜின் அக்காவிடம் மாமனார் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "என் பொண்ணு கை பட்டா வெறும் கஞ்சி கூட இனிக்குது, தெரியுமா?" நான் சமையலறையில் மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். அந்தக் கஞ்சி நான் வைத்தது. அவள் அதைக் கொண்டு போய்க் கொடுத்தாள், அவ்வளவுதான். வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

தொடர்களைப் பற்றியும் அவளுக்கு ஒரு கருத்து இருந்தது. "இதையெல்லாம் ரெண்டு மடங்கு வேகத்துல ஓட விட்டுப் பாருங்க அண்ணி. எல்லாம் ஒரே கதைதானே." மாமனார் அதற்குச் சிரித்தார். நான் நான்கு வருடமாக ஒவ்வொரு காட்சியாக நிறுத்திச் சொன்னதைக் கேட்டு அப்படிச் சிரித்தவர் இல்லை.

அப்போது ஓடிக்கொண்டிருந்ததுதான் இந்த எழுபத்தாறு எபிசோடு. அதில் ஓர் இளவரசி. வடக்கே புல்வெளி நாட்டுத் தலைவனுக்கு மணம் முடித்து அனுப்பப்பட்டவள், பன்னிரண்டு வருடம் கழித்து அரண்மனைக்குத் திரும்புகிறாள். நோயில் கிடக்கும் அப்பாவுக்கு, அதாவது பேரரசருக்கு, தன் கையாலேயே மருந்து ஊட்டுகிறாள். இருபத்திரண்டு எபிசோடு ஆகியும் அந்தப் பெண்ணுக்கு ஒரு கெட்ட எண்ணம் கூட வரவில்லை. திட்டினால் கண்ணீர், அடித்தால் மன்னிப்பு. இப்படி ஒருத்தி எந்த ஊரில் இருக்கிறாள்? எழுதியவர்கள் மேல் எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. பேரரசருக்கு விஷம் வைப்பது அவருடைய யாரோ ஒரு தம்பி என்று கொண்டு போனார்கள். வில்லன் எப்போதும் தம்பிதானே, முதல் எபிசோடிலேயே தாடியைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

அதனால் நான் திருத்தினேன். இளவரசி கிண்ணத்தோடு வந்தபோது, "கிண்ணத்த நீட்டறதுக்கு முன்னாடி மோதிரத்தத் தொட்டுப் பாத்துக்கறா, அப்பா" என்றேன். அவள் மோதிரமே போட்டிருக்கவில்லை. மாமனார் ஆரஞ்சு உரிப்பதை நிறுத்தினார். "ஏன் தொடறா?" என்றார். "தெரியல, பாப்போம்" என்றேன். அவர் அப்படிக் கேள்வி கேட்டு வருடக்கணக்கு ஆகியிருந்தது. மறுநாள் பன்னிரண்டு மணிக்கே நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார். மோதிரத்துக்குள் விஷப் பொடி இருந்தது என்று அன்று சொன்னேன்.

ஆலியனுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். ஒரு மணிக்கு இத்தாலியில் அப்போதுதான் விடிந்திருக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்புவதற்குள் பேச வேண்டும் என்று கைப்பேசியோடு மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். நான் ஒரு முறை கூட அவள் பெயரை எடுத்ததில்லை. இளவரசி என்றுதான் சொன்னேன். பன்னிரண்டு வருடத்தை இருபது என்று மாற்றினேன், சொல்ல வசதியாக இருந்தது. மருந்துப் பொடிகளை ஏழு அறை உள்ள அரக்குப் பெட்டியில் பிரித்து வைத்திருந்தாள் என்றும் ஒரு நாள் சொன்னேன். அது கொஞ்சம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

வெங்காயத்தாள் பயிரிட ஜன்னலோரம் ஒரு பழைய தெர்மோகோல் பெட்டி வைத்திருக்கிறோம். தினமும் காலையில் நான்தான் தண்ணீர் ஊற்றுவேன். மே மாதம் மூன்றாம் தேதி, தாள்களுக்கு நடுவே ஈர மண்ணில் மூன்று வெள்ளை மாத்திரையும் ஒரு பாதி ரோஜா நிற மாத்திரையும் கிடந்தன. மாமனாரின் நாற்காலியிலிருந்து கை எட்டும் தூரம். ஆலியன் தருவதை நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்துத் தண்ணீர் குடித்து, அவள் அந்தப் பக்கம் போனதும் துப்புகிறார் என்று புரிந்தது.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லலாம் என்றுதான் கூடத்துக்குப் போனேன். ஆலியன் அவர் கால் நகத்தை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தார். அவள், "கூசுதா அப்பா?" என்று கேட்டுச் சிரித்தாள். நான் சமையலறைக்குத் திரும்பி வந்து அரிசி கழுவினேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் மாத்திரைகளைப் பொறுக்கிக் கழிவுநீர்க் குழாயில் போட்டேன். மண்ணில் கரைந்தால் வெங்காயத்தாள் வீணாகிவிடும். பதினேழு நாள் பொறுக்கினேன். நடுவில் அவருக்குப் பாதம் வீங்கியது, இரண்டு படி ஏறினால் மூச்சு இரைத்தது. ஆலியன் பயந்துபோய் மருத்துவரைக் கூப்பிட்டாள். அவர் அளவைக் கூட்டி எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து வெங்காயத்தாள் பெட்டியில் நாலுக்குப் பதில் ஆறு கிடந்தது. அவள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். எனக்குக் கேட்டது. ஆனால் மதியம் ஒரு மணிக்கு மாமனார் என்னைத்தான் தேடினார். "கோபின் பொண்டாட்டி, வந்து உக்காரு, ஆரம்பிச்சிடுச்சு" என்பார். தினமும்.

இதற்கிடையில் அவர் ஜின் அக்காவிடம் ஏதோ சொல்லியிருக்கிறார், மகள் தனக்கு மருந்தில் எதையோ கலக்கிறாள் என்று. அந்த அம்மாள் அதை உங்களிடம் சொன்னதால்தான் ஆலியனை இரண்டு நாளாக இங்கே ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவளோ, நான் பொறுக்கும்போது தவறவிட்ட ஒரு பாதி மாத்திரையை மண்ணிலிருந்து எடுத்து வந்து உங்கள் மேஜையில் வைத்து, "விழுங்கறாரான்னு பாக்காம விட்டது என் தப்பு, என் அப்பாவ நானே கொன்னுட்டேன்" என்று அழுதிருக்கிறாள். உங்கள் பெண் காவலர் கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். இதிலும் அவள்தான் கதாநாயகி. அதைப் பொறுக்க முடியாமல்தான் நானாக வந்தேன். அவளுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. அந்தக் கதையை அவள் ஒரு நாள் கூட உட்கார்ந்து கேட்டதில்லை.

கடைசி நாளைச் சொல்கிறேன். அன்று காலை ஆலியன் வென்ஜோவில் பெரிய மருத்துவமனைக்கு, இருதய நிபுணரைப் பார்க்க நாள் வாங்கக் கிளம்பினாள். மதியத்து மாத்திரையை என் கையில் கொடுத்து, "இத மட்டும் மறக்காம குடுத்துடுங்க அண்ணி, உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா" என்றாள்.

ஒரு மணிக்கு உட்கார்ந்தோம். அவருக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினார். நான் தண்ணீர்க் கோப்பையும் மாத்திரையுமாகப் பக்கத்தில் போனேன். அவர் என் கையைத் தடவிப் பார்த்தார்.

"நீயே குடு, நீ குடுத்தா சாப்பிடறேன். உன் மேல எனக்குச் சந்தேகம் இல்ல" என்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். பதினோரு வருடம். கோப்பையை நீட்டினேன். அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"நீ வெளியாளு. விஷம் வெக்கறதுக்கும் ஒரு உறவு வேணும்ல. கிண்ணம் தூக்கிட்டு வர்ற வேலக்காரப் பொண்ணு எவளாவது வெச்சான்னு நீ சொன்னதே இல்லையே. உனக்கு என்கிட்ட என்ன இருக்கு?"

மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு அவர் சொல்லவில்லை. குரலில் நன்றி கூட இருந்தது. நான் கோப்பையைக் கீழே வைத்தேன், மாத்திரையைச் சமையல் உடையின் பையில் போட்டுக்கொண்டேன். கதை முடியட்டும் அப்பா, அப்புறம் தருகிறேன் என்றேன். சரி என்று சாய்ந்துகொண்டார்.

அன்று கடைசி இரண்டு எபிசோடு. நிஜத்தில் மகா மோசம். பத்து எபிசோடில் சொல்ல வேண்டியதைக் கடைசி நாற்பது நிமிடத்தில் அமுக்கியிருந்தார்கள். இளவரசி தந்தைக்கான விஷத்தைத் தானே குடித்து, நுரைப் பனியில் விழுந்து, வெள்ளை உடையில் ஒரு கசங்கல் இல்லாமல் சாகிறாள். நான் அதில் ஒரு வரி கூடச் சொல்லவில்லை. பேரரசர் எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டார் என்றேன். மகள் வேண்டாம், தம்பி வேண்டாம், அமைச்சர் வேண்டாம். கிண்ணம் தூக்குகிற ஒருத்தி மட்டும் போகாமல் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறாள், எந்தெந்தக் குளிர்காலத்தில் அவருக்குக் கால் பிடித்துவிட்டாள், எந்தப் புத்தாண்டுக்குத் தன் அம்மாவைப் பார்க்கப் போகாமல் இருந்தாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். திரையில் பெயர்கள் ஓடி முடிந்து விளம்பரம் வந்துவிட்டது. நான் நிறுத்தவில்லை. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார். மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

நாலு மணிக்கு ஆலியன் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. அதெல்லாம் உங்கள் தாளில் இருக்கிறது. தாளில் இல்லாதது இது ஒன்றுதான். மூன்று மணி வாக்கில் அவர் கண்ணைத் திறந்து என் பக்கம் திரும்பி, "இன்னிக்குக் கதை ரொம்ப நல்லா இருந்துச்சு. உன்ன மாதிரி சொல்ல ஆளில்ல" என்றார். அந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்த நாளிலிருந்து அவர் என்னைப் பாராட்டியது அன்று ஒரு தடவைதான். அந்த நேரத்தில் போய் மாத்திரையை நீட்டி அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.