ஒரு கை அகலம்

— மறுபடியும் அதே இடம்தான் அக்கா. விமானத்தோட மூக்குக்குப் பின்னாடி, ஒரு கை அகலத்துக்கு. படலத்துல இருக்கிற வரியெல்லாம் அழுக்கேறி அடைஞ்சு கிடக்கு.

— கேளுங்க தம்பி, இத்தனை விமானத்துக்குப் படலம் ஒட்டியிருக்கேன். எதுலயாவது ஒரு குமிழி வந்திருக்கா?

— அதான் விஷயம். இதுல மட்டும் ஏன் வருது? சுறாத் தோல் மாதிரி வரி போட்டு, காத்து பிடிச்சு இழுக்காம வழுக்கிட்டுப் போகணும், எரிபொருள் மிச்சமாகணும்னு கொட்டிச் செலவழிக்கிறாங்க. உங்களை இந்த விமானத்துல இருந்து மாத்தச் சொல்லிட்டார் மேலாளர்.

— ஐயோ, வேண்டாம் தம்பி. எவ்வளவு திட்டு வேணாலும் வாங்கிக்கிறேன். இந்த ஒண்ணை மட்டும் எனக்கு விட்டுடுங்க.

— அப்படி என்ன இருக்கு இதுல?

— என் மக ஓட்டுறா.

— நம்ம கேப்டனம்மாவா? சொல்லவே இல்லையே.

— சொல்ல என்ன இருக்கு? அவங்கப்பா போனப்புறம் நான் இன்னொருத்தரைக் கட்டிக்கிட்டேன். அன்னைக்கு மூஞ்சியத் திருப்பிக்கிட்டவதான். வருஷம் ஆறாச்சு.

— நீங்க இங்க இருக்கிறது தெரியுமா?

— தெரிஞ்சா வேற விமானம் கேட்டு வாங்கிட்டுப் போயிடுவா, ரோஷக்காரி. அவ வர்ற நேரம் நான் வால் பக்கம் ஒதுங்கிடுவேன். கேளுங்க தம்பி, அவ தலையை வாரி விட்ட கை இது. இப்போ இதை நீவி விட்டு மனசைத் தேத்திக்கிறேன்.

— சரி, முதல்ல உரிச்சுப் பாப்போம். பொறுங்க, லைட்டை இப்படிச் சாய்ங்க. அக்கா, இது ஒட்டினதுல வந்த கோளாறு இல்ல. கை. யாரோ திரும்பத் திரும்ப உள்ளங்கைய வெச்சு அழுத்தியிருக்காங்க. சுண்டுவிரல் மட்டும் வெளிய வளைஞ்சிருக்கு.

— எங்க, தள்ளுங்க.

— என்னக்கா?

— கதவுல நசுங்கினது. அவ ரெண்டாங் கிளாஸ் படிக்கிறப்போ. ராத்திரி பூரா மடியில போட்டு ஊதிக்கிட்டே இருந்தேன்.

— அக்கா...

— கடைசித் துண்டை ஒட்டி முடிச்சதும், நல்லபடியா போயிட்டு வாடின்னு நான் கை வெக்கிற இடம் தம்பி இது. அவளுக்கு எப்படித் தெரிஞ்சுது?

— பார்த்திருக்காங்க அக்கா. சரி, கண்ணைத் துடைங்க. உரிச்சிட்டுப் புதுசு ஒட்டணும், இப்படியே விட்டா காத்து பிடிச்சு இழுக்கும்.

— இழுக்கட்டும் தம்பி. அந்த ஒரு கை அகலத்துக்கு மட்டும் இழுத்துட்டுப் போகட்டும்.